மடக்கு மேடை வாங்கும் முன்: உயரம், பூட்டு, படிக்கட்டு

கேள்வி இது. கோலாலம்பூரில் இரண்டு பேர் சேர்ந்து வீடுகளுக்குச் சாயம் அடிக்கிறார்கள். பெரும்பாலும் கொண்டோ (அடுக்குமாடி வீடு), தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீடு. எப்போதாவது பினாங்கில் ஒரு பழைய கடைவீடு. இதுவரை இரண்டு ஏ வடிவ ஏணி, நடுவில் ஒரு பலகை, எட்டாத மூலைக்குக் கவிழ்த்து வைத்த சாய வாளி என்று ஓட்டியிருக்கிறார்கள். இப்போது மடக்கவும் நீட்டவும் கூடிய அலுமினிய மேடை வாங்கப் பார்க்கிறார்கள். எந்த அளவு வாங்குவது, மாடிப்படிக்கும் அதுவே போதுமா, எங்கே பழுதாகும்?

வாங்குங்கள். கவிழ்த்த வாளியை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் வாளி சாயத்தைச் சுமக்கச் செய்தது. ஓரத்தில் கால் வைத்தால் அடி வளையம் ஒரு பக்கமாகச் சாயும், மூடி வழுக்கும். ஆனால் மேடை என்ற பெயரில் கடையில் நிற்கும் எதையாவது வாங்கினால், அதன் மேலேயே மறுபடி வாளியைக் கவிழ்த்து ஏற வேண்டிவரும். அதனால் முதலில் உயரக் கணக்கு.

கடைகளில் அதிகம் பார்ப்பது 50 செ.மீ. உயர மேடை. 2.4 மீட்டர் சீலிங் உள்ள வீட்டுக்கு அது சரியாக இருக்கும். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டட உபவிதிகள் வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் குறைந்தது 2.5 மீட்டர் உயரம் கேட்கின்றன. கட்டி முடித்த வீடுகளில் 9 அடி, 10 அடிச் சீலிங் சாதாரணம். கணக்குப் போடும் முறை எளிது. சீலிங் உயரத்திலிருந்து உங்கள் உயரத்தைக் கழியுங்கள். தலைக்கும் சீலிங்குக்கும் இடையே வேண்டிய இடைவெளியையும் கழியுங்கள். ஸ்கிம் கோட் (சாயத்துக்கு முன் மட்டப்படுத்தப் பூசும் மெல்லிய பூச்சு) இழுக்கவும் உப்புத்தாள் போடவும் 15 முதல் 20 செ.மீ.; ஓரக்கோடு, அதாவது சுவரும் சீலிங்கும் சேரும் விளிம்பில் பிரஷ்ஷால் இழுப்பது, அதற்கு 30 செ.மீ. வரை. மிச்சம் வருவது மேடையின் உயரம்.

ஆள் 1.65 மீட்டர், சீலிங் 9 அடி, அதாவது 2.75 மீட்டர் என்றால் 80 முதல் 95 செ.மீ. வரும். 10 அடிச் சீலிங்குக்கு 1.10 முதல் 1.25 மீட்டர் வரும். பிளாஸ்டர் சீலிங் இறக்கிக் கட்டிய அறையில் 2.5 மீட்டர்தான் மிஞ்சுகிறது என்றால் 55 முதல் 70 செ.மீ. ஆக, உங்கள் வேலைக்கு 50 செ.மீ. நிலைக்கால் மேடை ஒத்துவராது. கால் நீளும் வகை வேண்டும். கீழே 60 செ.மீ. அளவில் தொடங்கி 1.1 மீட்டருக்காவது போக வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் குட்டை, ஒருவர் நெட்டை என்றால் இந்த நீளும் கால் இன்னும் உதவும். கை முழுதாக நீண்டு, கழுத்து பின்னால் மடங்கி ஒரு நாள் முழுக்க நின்றால் மறுநாள் தோள் வேலை செய்யாது; நுனிக்காலில் நின்றால் சமநிலையும் போகும்.

அடுத்து நீளம். 12 அடிக்கு 12 அடி அறையின் சுற்றளவு சுமார் 14.6 மீட்டர். ஏணியில் நின்று, இடுப்பு பக்கக் கம்பியைத் தாண்டாமல் எட்டக்கூடியது ஒரு நிறுத்தத்துக்குச் சுமார் 90 செ.மீ. அப்படியானால் ஓரக்கோட்டுக்கு மட்டும் 16 முறை இறங்கி, ஏணியை நகர்த்தி, ஏற வேண்டும். 1.2 மீட்டர் தட்டுள்ள மேடையில் ஒரு நிறுத்தத்துக்கு 1.8 மீட்டர் கிடைக்கும், எட்டு முறை. இரண்டு தாங்கிகளுக்கு நடுவே போடும் 3 மீட்டர்ப் பலகையில் சுவருக்கு ஒன்று, கூடிப்போனால் ஒரு மூலைக்கு இன்னொன்று. நேரம் மிச்சம் என்பதை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: பதினாறாவது முறை இறங்கச் சோம்பல்பட்டு, 'இன்னும் ஒரு சாண்தானே' என்று எட்டும்போதுதான் ஏணி சாய்கிறது.

அப்படியானால் நேராக 3 மீட்டர்ப் பலகையே வாங்கலாமே என்று தோன்றும். கொண்டோ லிஃப்டுக்குள் அது நிமிர்ந்து போகாது. நீளும் பலகையின் பயன் அங்கேதான். சுருக்கினால் 1.8 மீட்டர் போல நிற்கும். லிஃப்டில் போகும், நடைவழியில் திரும்பும், வேனில் மடங்கிக் கிடக்கும். 1.2 மீட்டர் மடக்கு மேடையைப் பின்சீட்டை மடக்கினால் மைவி போன்ற சிறு காடியிலேயே ஏற்றிவிடலாம்.

நீளும் பலகையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு பாதி மற்ற பாதியின் உள்ளே புகும் வகை. நீட்டினால் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சின்னப் படி இருக்கும். சீலிங்கைப் பார்த்தபடி நடக்கும் ஆள் அதில் இடறுவார். இன்னொன்று, நீளக் கம்பிகள் விரல் கோத்தது போல ஒன்றுக்கு நடுவே ஒன்று நகரும் வகை. மட்டம் ஒன்றாக இருக்கும், ஆனால் நீட்டிய பகுதியில் கம்பிகளுக்கு நடுவே சந்து விழும். ஸ்கிரேப்பர், பிரஷ் கீழே விழும். சாயத்துக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். விழும் பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வகையானாலும் நிறுத்தக் குறிக்கு மேல் இழுக்காதீர்கள். அந்தக் குறி, இரண்டு பாதிகளும் குறைந்தது எவ்வளவு ஒன்றுமேல் ஒன்று கிடக்க வேண்டும் என்பதற்கானது. நடுவில் ஒரு ஆள் நிற்கும்போது பலகை தொய்வது, நீளத்தின் மும்மடியில் (நீளம் × நீளம் × நீளம்) கூடும். 1.8 மீட்டரை 3 மீட்டராக நீட்டினால், ஒரே பருமனுள்ள பலகையிலேயே தொய்வு நாலரை மடங்கைத் தாண்டும். நீட்டிய பாதி மெலிந்ததாக இருப்பதால் இன்னும் கூடும். எடை விளம்பரத்தில் 150 கிலோ என்று போட்டிருந்தால், அது சுருக்கிய நிலைக்கா நீட்டிய நிலைக்கா என்று ஒட்டியிருக்கும் தாளில் படித்துப் பாருங்கள்.

அந்த 150 கிலோவையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய இ.என். 131 ஏணித் தரமும், 1 மீட்டர் உயரம் வரையுள்ள படி முக்காலிகளுக்கான இ.என். 14183 தரமும் சொல்லும் 150 கிலோ என்பது ஆள், உடுப்பு, கருவி, சாயம் எல்லாம் சேர்ந்த மொத்தச் சுமை. 80 கிலோ ஆள், 5 லிட்டர்ச் சாயம் 7 கிலோ, கருவி 3 கிலோ, மொத்தம் 90. அதே மேடையில் இரண்டாவது ஆள் ஏறினால் தாண்டிவிட்டது. 18 லிட்டர்த் தகரம் 25 கிலோவை ஒட்டி வரும்; அது தரையிலேயே இருக்கட்டும், மேலே சின்ன வாளியில் ஊற்றிக்கொண்டு போகலாம். ஒரு மேடையில் ஒரு ஆள். இரண்டு பேருக்கு இரண்டு மேடை வாங்குங்கள். அதையே சமமான உயரத்தில் நிறுத்தி நடுவே பலகை போடவும் சில மாதிரிகள் இடம் கொடுக்கின்றன. தயாரிப்பாளரின் தாளில் அதற்கு அனுமதி இருந்தால் மட்டும் போடுங்கள்.

விரித்து நிறுத்தும் வரிசையில்தான் தவறுகள் நடக்கின்றன. மேடையைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு காலை முழுக்கத் திறந்து கீல் பூட்டு 'டக்' என்று விழும்வரை தள்ளுங்கள். சத்தம் போதாது, காலைப் பிடித்து உள்பக்கம் மடக்கிப் பாருங்கள், மடங்கக் கூடாது. ஸ்கிம் கோட் தூசி பூட்டின் பள்ளத்தில் விழுந்து ஈரத்தில் இறுகிவிடும். அப்புறம் நாக்கு விழுந்தது போலத் தெரியும், ஆனால் பாதிதான் உள்ளே போயிருக்கும். மடக்கு மேடை திடீரென்று மடிவது இப்படித்தான். ஒரு பழைய பல் தூரிகையைச் சாமான் பையில் வையுங்கள், தினமும் காலையில் நான்கு பூட்டுகளையும் தேய்த்துவிடுங்கள்.

பிறகு உள்கால்கள், அதாவது காலுக்குள்ளிருந்து வெளியே நீளும் பகுதிகள். நான்கு காலிலும் ஒரே எண் துளை. ஸ்பிரிங் பின் மறுபக்கம் வெளியே நீட்டுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நிமிர்த்தியதும் ஏறாமல் இரண்டு கையாலும் ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடினால் கால் துளை மாறியிருக்கிறது, அல்லது தரை மட்டமில்லை, அல்லது கால் வளைந்திருக்கிறது. அட்டை, உடைந்த ஓடு, மரத் துண்டு எதையும் காலடியில் சொருகாதீர்கள். ஆள் நடக்க நடக்க அது நகர்ந்து வெளியே வந்துவிடும்.

காலின் ரப்பர் பாதம் தரையைத் தொட வேண்டும். சாயம் சிந்தாமல் இருக்க முழுத் தரைக்கும் பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் மேடையை வைப்பது பரவலான பழக்கம். பளபள டைல், மேலே பிளாஸ்டிக், அதன் மேலே உப்புத்தாள் தூசி என்றால் மேடை சறுக்கும். கால் படும் இடத்தில் பிளாஸ்டிக்கை விலக்குங்கள், அல்லது ரப்பர் அடி உள்ள துணி விரிப்பு போடுங்கள். ரப்பர் பாதத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். தூசி ஒட்டிய ரப்பரும் வழுக்கும். ஒரு பாதம் கழன்று தொலைந்தால் புதிது வாங்கும்வரை அந்த மேடை நிற்கட்டும். உலோக நுனி டைலில் பிடிக்காது, டைலையும் கீறும்.

பக்கவாட்டில் தள்ளும் வேலைதான் இந்த மேடைகளின் பலவீனம். இதைக் கணக்கிலேயே பார்க்கலாம். 80 கிலோ ஆள், 10 கிலோ மேடை, அடியில் கால்களின் அகலம் 50 செ.மீ., தட்டு 90 செ.மீ. உயரம், கை அதற்கு மேல் 1.3 மீட்டர். கவிழ்வதைத் தடுக்கும் சக்தி 90 கிலோவை 25 செ.மீ. ஆல் பெருக்கியது, அதை 2.2 மீட்டரால் வகுத்தால் 10 கிலோ சொச்சம். சுவரைச் சுரண்டும்போது, சுவரில் துளை போடும்போது, பழைய சாயத்தை உரிக்கும்போது 10 கிலோ அழுத்தம் வெகு எளிதாக வரும். மேடையைச் சுவருக்கு இணையாக வைத்திருந்தால் நீங்கள் தள்ளிய சுவர் உங்களைப் பின்னால் தள்ளி, மேடை அறையின் நடுப்பக்கம் சாயும். இந்த வேலைக்கு மேடையைத் திருப்பி, அதன் நீளம் சுவருக்குச் செங்குத்தாக, குறுகிய முனை சுவரை நோக்கி இருக்கும்படி வைத்து, சுவர்ப் பக்க நுனிக்கு அருகில் நில்லுங்கள். எதிர்முனைக் கால்கள் தூரத்தில் இருப்பதால் அதே ஆள், அதே மேடை, இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். நகர்த்துவது கூடும், பரவாயில்லை. ரோலரும் பிரஷ்ஷும் மெல்லிய அழுத்தம் என்பதால் இணையாக வைக்கலாம்.

சீலிங் விசிறி. பெரும்பாலான வீடுகளில் நடுக்கூடத்தில் தொங்கும். இறக்கை 2.3, 2.4 மீட்டரில் சுற்றும்; 90 செ.மீ. மேடையில் நிற்பவருக்கு அது முகத்தின் உயரம். புழுக்கம் தாங்காமல் கீழே இருப்பவர் சுவிட்சைத் தட்டுவது இயல்பு. ரெகுலேட்டரில் அணைத்தது போதாது. அந்த விசிறிக்கு மின்சாரம் போகும் பிரேக்கரை இறக்கி, பெட்டியின் மேல் டேப் ஒட்டி 'தொடாதே' என்று எழுதுங்கள். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். விளக்கைக் கழற்றி வயரைத் திறந்து விட்டிருக்கும் அறையிலும் இதே விதி. வயர் வேலையே செய்வதென்றால் கண்ணாடியிழை ஏணி. வீட்டுக்கு வெளியே கம்பத்திலிருந்து வரும் மின்கம்பிக்குக் கீழே அலுமினிய மேடை வேண்டாம்.

மாடிப்படிதான் இந்தக் கேள்வியின் கடினமான பகுதி. 'கால் தனித்தனியாக நீளும், படிக்கட்டிலும் வைக்கலாம்' என்று விற்பார்கள். அளந்து பாருங்கள். கட்டட உபவிதிப்படி ஒரு படியின் உயரம் 180 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, மிதிப்பலகை 255 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 1.2 மீட்டர் மேடையைப் படி ஏறும் திசையில் வைத்தால் ஒரு முனைக் காலுக்கும் மறுமுனைக் காலுக்கும் நடுவே நான்கு, ஐந்து படிகள் வந்துவிடும். அதாவது 72 முதல் 90 செ.மீ. உயர வித்தியாசம். கால் 30 செ.மீ. மட்டுமே நீளும் மேடை, ஒரு படி வித்தியாசத்தைச் சமாளிக்கும். அதற்கு மேல் பிடிக்காது. குறுக்கே வைக்கலாம் என்றால் வரிசை வீட்டுப் படிக்கட்டின் அகலம் அவ்வளவு இல்லை.

துளை இடைவெளியும் பார்க்க வேண்டும். ஏணிப் படி இடைவெளியில், அதாவது 28 செ.மீ. தாவலில் மட்டும் நீளும் காலை 18 செ.மீ. படியில் பொருத்தவே முடியாது. மூன்று படி 54, இரண்டு தாவல் 56, 2 செ.மீ. சரிவு மிஞ்சும். படிக்கட்டுக்கென்று தேர்ந்தெடுத்தால் 2 அல்லது 3 செ.மீ. இடைவெளியில் துளையுள்ள கால், அல்லது திருகிச் சரிசெய்யும் பாதம் வேண்டும்.

என் ஆலோசனை: படிக்கட்டின் திருப்பத் தளத்தில் மேடையை நிறுத்தி எட்டும் வரை செய்யுங்கள், மிச்சத்துக்கு நீளக் கழி போட்ட ரோலர். அதிலும் தீராத உயரச் சுவருக்கு, படிக்கட்டுக்கென்றே செய்த, கைப்பிடித் தடுப்புள்ள சாரத்தை வாடகைக்கு எடுங்கள். ஒரு முனை ஏணிப் படியிலும் மறுமுனை மாடித் தரையிலும் கிடக்கும் நீளும் பலகையை வைத்து இரண்டு மாடி உயரத்தில் நிற்பதை யாருக்கும் சொல்ல மாட்டேன். அங்கிருந்து விழுந்தால் டைல் படிக்கட்டின் கூர்முனையில் விழ வேண்டும். நிற்கும் தட்டு 2 மீட்டரைத் தாண்டினால் மடக்கு மேடையின் வேலை முடிந்தது, தடுப்புள்ள சாரம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கடமைகள் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கும் உண்டு, 2024 ஜூன் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் அது ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் தொடுகிறது. 'நாங்கள் இரண்டு பேர்தானே' என்பது விலக்கு ஆகாது.

பினாங்குக் கடைவீடு தனிக் கதை. ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபிடமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய வீடுகளின் தரைத்தளத்தில் சுட்ட களிமண் ஓடு, மாடியில் மரப்பலகை, சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. ஓட்டுத் தரை அலையலையாக இருக்கும். நான்கு துளையும் ஒன்றாக வைத்தால் மேடை ஆடும். இங்கேதான் திருகுப் பாதம் காசுக்கு வேலை செய்கிறது. மாடியில், மேடைக் கால் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வட்டத்தில் 25 கிலோவைத் தரையில் இறக்கும், நுனியில் நின்றால் அந்தப் பக்க இரண்டு காலும் முழுச் சுமையும் வாங்கும். கரையான் தின்ற பலகை அதற்குத் தாங்காது. கீழே உத்தரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்த்து, 18 மி.மீ. பிளைவுட் பட்டைகளை அவற்றுக்குக் குறுக்காகப் போட்டு, கால் நழுவாமல் ஓரத்தில் சின்ன மரக்கட்டை அடித்துக்கொண்டு அதன் மேல் மேடையை வையுங்கள். ஐந்தடிப் பாதையில், அதாவது கடைவீட்டின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில் வைத்தால் நடப்பவர்கள் வருவார்கள். இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து ஒரு ஆள் கீழே நிற்கட்டும். சாயங்கால மழையில் அந்த வழுவழுத் தரை நனையும், அப்போது வேலையை நிறுத்துங்கள்.

சுண்ணாம்பும் சிமெண்ட்டும் அலுமினியத்தைத் தின்னும். இரண்டும் காரத்தன்மை உள்ளவை. ஈரமாக ஒட்டிக் கிடந்தால் உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தைக் கரைத்து, வெள்ளையாகப் பொரித்து, சொரசொரப்பான குழி விழச் செய்யும். அன்றைக்கே தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. காய்ந்தபின் உளியால் பெயர்த்தால் பிடிப்புக்காகத் தட்டில் வெட்டியிருக்கும் பற்களும் சேர்ந்து போகும். பினாங்கின் கடலோரத் தஞ்சோங் பூங்கா பக்கம் கடற்காற்றில் வேலை செய்தால் இரும்பு பின்னும் அலுமினியக் காலும் தொடும் இடம் சீக்கிரம் அரிக்கும். உப்பு ஈரம் அங்கே ஒரு சிறு பேட்டரி போல வேலை செய்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

பழைய மேடை மலிவாகக் கிடைத்தால் பார்க்க வேண்டியவை. மட்டமான டைலில் நிறுத்தி மூலை மூலையாக அழுத்துங்கள், ஆடக் கூடாது. ரிவெட்டுகளைச் சுற்றி கறுப்பு அல்லது சாம்பல் நிறப் பொடி வட்டம் இருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து உரசிக்கொண்டிருக்கிறது. கீல் துளையின் ஓரத்திலும் கால் துளைகளின் ஓரத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். காலில் மடிப்பு விழுந்த நசுங்கல் இருந்தால் வேண்டாம். நேராக்கினாலும் அந்த இடம் மறுபடி மடியும். வெல்டிங் போட்ட தழும்பு தெரிந்தால் கண்டிப்பாக வேண்டாம். இத்தகைய கால்களுக்குப் பயன்படும் அலுமினியம் வெப்பத்தில் பதப்படுத்திப் பலம் ஏற்றியது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய், பலம் ஏறக்குறைய பாதியாகும். ஒட்டு உறுதியாக இருக்கும், ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளி முறியும். உங்கள் சொந்த மேடைக்கும் இதே பேச்சு: கொக்கி மாட்டவோ வாளி தொங்கவிடவோ காலில் புதுத் துளை போடாதீர்கள். வாளிக்குத் தட்டின் ஓரத்தில் கவ்வும் கொக்கி தனியாகக் கிடைக்கும்.

தட்டின் இரண்டு முனையிலும் 15 செ.மீ. உள்ளே உப்புத்தாள் போன்ற சொரசொரப்புப் பட்டை ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள். சீலிங்கைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடக்கும்போது, முனை வந்துவிட்டது என்பதைச் செருப்பின் அடியே சொல்லிவிடும்.